ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துப் பார்த்தால்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வயது 36. சரக்குக் கிடங்கில் ஷிஃப்ட் மேலாளர், ஆண்டுச் சம்பளம் 34,000 பவுண்ட். பொழுதுபோக்காக ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட் ஆடி வந்தேன். கடந்த ஒன்பது வாரமாகத் தொட்டதெல்லாம் துலங்குகிறது. 160 டோர்னமென்ட், அவற்றில் 24 முறை ரீ-என்ட்ரி (வெளியேறிய பின் மறுபடி பணம் கட்டி நுழைவது); எல்லாமே 11 பவுண்ட் ஆட்டங்கள். ஆளெண்ணிக்கை சராசரியாக 600 இருக்கும். 31 முறை பரிசு வாங்கினேன். நான்கு முறை ஃபைனல் டேபிள் (கடைசி ஒன்பது பேர் மேசை): இரண்டு முதலிடம் (ஒரு ஞாயிற்றுக்கிழமை 1,400 பேர் ஆட்டத்தில் 2,170 பவுண்டும், இன்னொன்றில் 590 பவுண்டும்), ஓர் இரண்டாமிடம் (552), ஓர் ஏழாமிடம். மொத்தப் பரிசு 4,180 பவுண்ட். இனி 55, 109 பவுண்ட் ஆட்டங்களுக்கு ஏறலாமா? வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டு, பிறகு முழுதாகவே விட்டுவிடலாமா? வரி கட்ட வேண்டுமா? திருச்சியில் இருக்கும் மைத்துனரும் நன்றாக ஆடுவார். நான் தூங்கும் நேரத்தில் என் கணக்கில் அவர் ஆடலாமா? மனைவிக்கு ஜெயித்த தொகை தெரியும், போட்ட தொகை தெரியாது.

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள், பாதி நேரமாகவும் ஆக்காதீர்கள். 109 பக்கம் போகவே வேண்டாம். 55-க்கும் இப்போது போக வேண்டாம். வரி கிடையாது. மைத்துனருக்குக் கணக்கைக் கொடுக்கவே கூடாது. ஏன் என்பதற்கு உங்கள் கணக்கையே பிரித்துப் பார்ப்போம். நீங்கள் எண்களை ஒழுங்காக எழுதி வைத்திருப்பதால்தான் இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது. தொடர்ந்து ஜெயிப்பதாக நம்புகிறவர்களில் பலர் எழுதியே வைப்பதில்லை.

160 டோர்னமென்ட், 24 ரீ-என்ட்ரி என்றால் 184 நுழைவு. ரீ-என்ட்ரியைத் தனி நுழைவாகத்தான் எண்ண வேண்டும். அது தனிப் பணம். 184 முறை 11 பவுண்ட், ஆக 2,024 பவுண்ட் போட்டிருக்கிறீர்கள். வந்தது 4,180. லாபம் 2,156. போட்ட பணத்துக்கு 106 சதவீத லாபம்; ஆட்டக்காரர்கள் ஆர்ஓஐ என்பது இதைத்தான். காகிதத்தில் பார்த்தால் மலைக்க வைக்கும் எண். இப்போது அந்த 2,170 பவுண்ட் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எடுத்துவிடுங்கள். மிச்சம் 2,010. போட்டது 2,024. ஒன்பது வார உழைப்பு 14 பவுண்ட் நஷ்டத்தில் நிற்கிறது.

அந்த வெற்றி பொய் என்று நான் சொல்லவில்லை. டோர்னமென்ட் போக்கரின் அமைப்பே இப்படித்தான்: பரிசுத் தொகையில் பெரும்பங்கு மேலே இருக்கும் மூன்று நான்கு இடங்களில் குவிந்திருக்கும். கடைசிப் பரிசு வாங்குகிறவருக்குப் போட்ட பணத்தைப் போல் இரண்டு மடங்குதான் வரும். அதனால் ஒருவருடைய ஆறு மாத வரவு செலவை ஒரே இரவு தீர்மானித்துவிடலாம். இது ஒரு தொடர் வெற்றி என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. கணக்குப் புத்தகத்தில் இருப்பதோ சாதாரண ஒன்பது வாரமும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய இரவும்.

சாதாரணம் என்கிறேனே, எதை வைத்து? திறமையில் துல்லியமாக நடுவில் நிற்கும் ஓர் ஆட்டக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆன்லைன் டோர்னமென்டுகளில் பொதுவாக நுழைவுகளில் 15 சதவீதத்தை ஒட்டிப் பரிசு தருகிறார்கள். 184 நுழைவில் அவருக்கு 27 அல்லது 28 பரிசு வரும். உங்களுக்கு 31. 600 பேரில் 9 பேர் ஃபைனல் டேபிளுக்குப் போகிறார்கள் என்றால் 184 நுழைவில் அவருக்குக் கிட்டத்தட்ட மூன்று ஃபைனல் டேபிள். உங்களுக்கு நான்கு. இந்த இரண்டு எண்களிலும் நீங்கள் அவரைவிட ஒரு முழம் முன்னே நிற்கிறீர்கள், அவ்வளவுதான். வித்தியாசம் முழுவதும் ஃபைனல் டேபிளுக்குள் நுழைந்த பிறகு நடந்தது: நான்கில் மூன்று முறை முதல் இரண்டு இடங்களுக்குள் முடித்திருக்கிறீர்கள்.

இரண்டு முதலிடம் என்பதை எப்படி எடை போடுவது? 600 பேர் ஆட்டத்தில் நடுத்தர ஆட்டக்காரர் 184 முறை நுழைந்தால் இரண்டோ அதற்கு மேலோ முதலிடம் வாங்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். நடுத்தரக்காரரைவிட இரு மடங்கு ஜெயிக்கும் திறமையுள்ள, மிக நல்ல ஆட்டக்காரருக்கு அது 12, 13 சதவீதம். ஆகவே உங்கள் முடிவு திறமையின் பக்கம் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் சாய்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த 4 சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே அளவில் ஆடும் நூறு நடுத்தர ஆட்டக்காரர்களில் நான்கு பேர் இப்போது உங்களைப் போலவே தாங்கள் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். மிச்சம் 96 பேர் யாருக்கும் கடிதம் எழுதமாட்டார்கள். 2003-இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் ஒரு சின்ன ஆன்லைன் தகுதிச்சுற்றின் வழியாக உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்டுக்குப் போய், 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அந்தக் கதை பல்லாயிரம் பேரை மேசைக்கு இழுத்தது. மற்ற 838 பேரின் கதை யாருக்கும் தெரியாது.

ஃபைனல் டேபிளில் அதிர்ஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது? ஆல்-இன் மோதல்களில், அதாவது கையிலிருக்கும் சிப் முழுவதையும் ஒரே கையில் வைக்கும் இடங்களில். நீங்கள் ஒவ்வொரு முறையும் சரியாகவே ஆடி, 80 சதவீத சாதகத்தோடு (உங்களிடம் ராணி ஜோடி, எதிரியிடம் பத்து ஜோடி என்பது போல) ஐந்து முறை ஆல்-இன் போகிறீர்கள் என்று வையுங்கள். ஐந்தையும் ஜெயிக்கும் வாய்ப்பு 33 சதவீதம்தான். 1,400 பேர் ஆட்டத்தை ஜெயிக்க இப்படிப்பட்ட மோதல்கள் ஐந்துக்கும் மேல் வரும், அவற்றில் சில ஏஸ்–கிங்குக்கும் ஜோடிக்கும் இடையே ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அதை இந்த வாரமே செய்யுங்கள். நான்கு ஃபைனல் டேபிள் ஆட்டங்களின் ஹேண்ட் ஹிஸ்டரியையும் (ஒவ்வொரு கையும் ஆடியதன் பதிவு) தளத்திலிருந்து இறக்குங்கள். உங்கள் ஸ்டாக்கில் (கையிலிருக்கும் சிப்பில்) பாதிக்கு மேல் உள்ளே போன ஒவ்வொரு ஆல்-இன்னையும் தனியே எடுங்கள். சீட்டு திறந்த நொடியில் உங்கள் சாதகம் எத்தனை சதவீதம் என்று இலவச ஈக்விட்டி கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 12 மோதலில் சாதகங்களின் கூட்டல் 6.8 வந்து, நீங்கள் உண்மையில் ஜெயித்தது 11 என்றால் அந்த இடைவெளிதான் அதிர்ஷ்டம். 8.5-உம் 9-உம் என்று வந்தால் சந்தோஷப்படலாம். ஆட்டங்களைப் பதிந்து அலசும் ட்ராக்கர் மென்பொருள்களில் ஆல்-இன் ஈவி என்ற கோடு இதைத் தானாகவே காட்டும். ஆனால் சில தளங்கள் வெளி மென்பொருளை அறவே தடுத்திருக்கின்றன, விதியைப் படித்துவிட்டு நிறுவுங்கள்.

அடுத்து, எத்தனை ஆட்டம் ஆடினால் நிஜம் தெரியும் என்பது. 600 பேர் அளவுள்ள ஆட்டத்தில் ஒரு நுழைவின் முடிவு சராசரியிலிருந்து சிதறும் அளவு, அதாவது திட்ட விலக்கம், சுமார் 6 பை-இன் (ஒரு பை-இன் என்பது ஒரு நுழைவுக் கட்டணம்). 184 நுழைவுக்கு உங்கள் ஆர்ஓஐ-யில் இருக்கும் தடுமாற்றம் கூட்டியும் கழித்தும் 44 புள்ளி; அதை இரட்டித்துத்தான் நம்பிக்கை எல்லை வரையவேண்டும். 1,000 நுழைவில் அது 19-க்கு இறங்கும், 2,500-இல் 12-க்கு, 10,000-இல் 6-க்கு. 11 பவுண்ட் அளவில் நிலையாக 20, 30 சதவீதம் எடுக்கிறவர் நல்ல ஆட்டக்காரர். 106 என்பது யாருக்கும் நிற்காத எண்.

இன்னொன்று பலருக்குப் பிடிபடுவதில்லை. நிஜமாகவே 30 சதவீதத் திறமை உள்ளவர்கூட 500 நுழைவு முடிவில் நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. 1,000 முடிவில் பதினேழில் ஒன்று. நடுவில் நூறு பை-இன், அதாவது உங்கள் அளவில் 1,100 பவுண்ட், தொடர்ந்து இறங்குவது இந்த ஆட்டத்தில் அன்றாட நிகழ்வு. உங்கள் ஒன்பது வாரம் இறக்கத்தைக் காட்டாமல் போனது ஒருவகையில் உங்களுக்குக் கெடுதல்தான்: இறக்கத்தில் நீங்கள் எப்படி ஆடுவீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது.

சீக்கிரம் தெரிந்துகொள்ள ஒரு வழி, கூட்டம் குறைந்த ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது. 150 பேர் ஆட்டத்தில் அந்த 6 பை-இன் சிதறல் 4 ஆகிவிடும். 600 பேர் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவான நுழைவுகளிலேயே அதே அளவு தெளிவு கிடைக்கும். ஞாயிறு இரவின் பெரிய பரிசு கண்ணை இழுக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொண்டு மிச்சத்தை 100–200 பேர் ஆட்டங்களுக்கு மாற்றுங்கள்.

முடிவுகள் பொய் சொல்லும் காலத்தில் நம்பத் தகுந்தது உங்கள் தீர்மானங்கள்தான். ஆகவே ஹேண்ட் ஹிஸ்டரியில் மூன்று இடங்களை மட்டும் தோண்டுங்கள். 11 பவுண்ட் ஆட்டத்தில் கசியும் பணத்தில் பெரும்பகுதி இந்த மூன்று ஓட்டைகளில்தான் போகிறது.

முதலாவது, பிக் பிளைண்டில் உட்கார்ந்திருக்கும்போது. (பிளைண்டும் ஆன்டியும் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் தொகைகள்; பிக் பிளைண்ட் 1 என்றால் ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி.) எதிரி இரண்டு பிளைண்டுக்கு ஏற்றுகிறார், ஸ்மால் பிளைண்ட் ஒதுங்குகிறார், மேசை முழுவதும் போட்ட ஆன்டி சேர்ந்து ஒரு பிளைண்ட். பாட்டில் (நடுவில் சேர்ந்த தொகையில்) இருப்பது 2 + 0.5 + 1 + 1 = 4.5. நீங்கள் போட வேண்டியது 1. 5.5-க்கு 1, அதாவது 18 சதவீத சாதகம் இருந்தால் போதும். சூட் (சீட்டின் இனம்) ஒத்த, அடுத்தடுத்த சின்னச் சீட்டுகளெல்லாம் இந்த விலைக்குத் தாராளமாகத் தாங்கும். புதியவர்கள் இங்கே கையைத் தூக்கித் தூக்கி எறிந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறார்கள். அதற்காக 7–2 மாதிரியான கைகளை வைத்துக்கொண்டு ஃப்ளாப்புக்குப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளுக்குப்) பிறகு தடுமாறவும் வேண்டாம். காகிதத்தில் இருக்கும் சாதகம் முழுதும் கைக்கு வராது.

இரண்டாவது, ஸ்டாக் 15 பிளைண்டுக்குக் கீழே போகும்போது. 10 பிளைண்டோடு ஸ்மால் பிளைண்டில் இருக்கிறீர்கள், எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள், பிக் பிளைண்ட் மட்டும் எதிரே. சமநிலைக் கணக்குப்படி, ஆன்டியே இல்லாவிட்டாலும் சுமார் 58 சதவீதக் கைகளை ஆல்-இன் தள்ள வேண்டும். ஏஸ் உள்ள, கிங் உள்ள எல்லாக் கைகளும் இதில் அடங்கும். எதிரே இருப்பவர் சுமார் 37 சதவீதக் கைகளால் கால் செய்ய (அதே தொகையை வைத்து எதிர்கொள்ள) வேண்டும். உங்கள் ஹிஸ்டரியில் இப்படிப்பட்ட இடங்களை எண்ணுங்கள். 30 சதவீதம்தான் தள்ளியிருந்தால் பயம். 80 சதவீதம் தள்ளியிருந்தால், அந்தத் தொடர் வெற்றி தலைக்கேறியிருக்கிறது.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம்: பரிசு வரம்புக்கு முந்தைய கட்டமும் ஃபைனல் டேபிளும். இங்கே சிப்பும் பணமும் ஒன்றல்ல. ஓர் எளிய கணக்கு. நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு: 50, 30, 20 சதவீதம். நால்வரிடமும் சம சிப். ஆக ஒவ்வொருவரின் ஸ்டாக்கும் பரிசுப் பணத்தில் 25 சதவீதம் மதிப்பு. ஒருவர் ஆல்-இன் தள்ளுகிறார், நீங்கள் கால் செய்து ஜெயிக்கிறீர்கள். இப்போது உங்களிடம் பாதி சிப், மற்ற இருவரிடம் தலா கால் பங்கு. சிப்பைப் பரிசுப் பணமாக மாற்றிக் கணக்கிடும் ஐசிஎம் முறையில் போட்டால்: முதலிட வாய்ப்பு 50 சதவீதம், அதன் மதிப்பு 25, இரண்டாமிடம் 33.3 சதவீதம், மதிப்பு 10, மூன்றாமிடம் 16.7 சதவீதம், மதிப்பு 3.3. கூட்டினால் 38.3. சிப் இரட்டித்தது; பணம் 25-இலிருந்து 38.3 ஆனது, 50 ஆகவில்லை. தோற்றால் முழு 25-உம் போச்சு. எனவே கால் செய்ய 25 / 38.3, அதாவது 65 சதவீத சாதகம் வேண்டும். எந்தச் சீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறவருக்கு எதிராகவே, சூட் ஒவ்வாத ஏஸ்–கிங்குக்கு ஏறக்குறைய 65 சதவீதம்தான் கிடைக்கும். கொஞ்சம் பார்த்துத் தள்ளுகிறவராக இருந்தால் அந்தக் கையையே ஒதுக்க வேண்டும். உங்கள் நான்கு ஃபைனல் டேபிளில் இப்படி மெலிதான சாதகத்தில் கால் செய்து தப்பித்த இடங்கள் எத்தனை என்று பாருங்கள். அவை ஜெயித்ததால் உங்கள் நினைவில் 'துணிச்சல்' என்று பதிந்திருக்கும்.

ஏழாவதாக வெளியேறிய அந்த ஒரு மேசையையும் விடாதீர்கள். ஜெயித்த ஆட்டத்தைவிட அதில் கற்க நிறைய இருக்கும். இன்னொன்று: அந்த 24 ரீ-என்ட்ரியைத் தனிப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை பிளைண்டோடு திரும்ப உட்கார்ந்தீர்கள் என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் 40, 50 பிளைண்டோடு திரும்பியிருந்தால் சரி. பதிவு மூடப்போகும் கடைசி நிமிடத்தில், கெட்ட சீட்டில் தோற்ற எரிச்சலோடு 12 பிளைண்டுக்கு இன்னொரு 11 பவுண்ட் போட்டவை எத்தனை? அவை ஆட்டக் கணக்கில் வராது, கோபக் கணக்கில்தான் வரும்.

இனி மேலே ஏறுவது. உங்கள் லாபம் 2,156 பவுண்ட் முழுவதையும் பேங்க்ரோலாக (ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய முதலாக) வைத்தால் அது 11 பவுண்ட் அளவில் 196 பை-இன், 55-இல் 39, 109-இல் வெறும் 20. இவ்வளவு பேர் சேரும் டோர்னமென்டுகளுக்கு 200 பை-இன் என்பது நிதானமான கணக்கு. அதாவது ஜெயித்த பணம் இப்போது ஆடும் அளவுக்குத்தான் சரியாகப் போதும். 109-இல் 20 நுழைவு ஆடினால் என்ன நடக்கும்? 600 பேர் ஆட்டம் என்றே வைத்தாலும் நடுத்தர ஆட்டக்காரருக்கு 20 நுழைவில் ஒரு ஃபைனல் டேபிள்கூட வராத வாய்ப்பு 74 சதவீதம். மூன்று சின்னப் பரிசு வந்து ஏழெட்டு பை-இன் திரும்பும், மிச்சம் போகும். ஒன்பது வாரச் சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல் இரண்டு வாரயிறுதியில் கரைந்துவிடும். போதாததற்கு, அங்கே நீங்கள் நடுத்தர ஆட்டக்காரராகக்கூட இருக்கமாட்டீர்கள். 11 பவுண்ட் மேசையில் ஒன்பது பேரில் ஐந்தாறு பேர் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் என்றால், 109-இல் அந்த விகிதம் தலைகீழ். ரேக் (தளம் எடுத்துக்கொள்ளும் கட்டணம்) மட்டும் கொஞ்சம் குறையும்: 10+1 ஆட்டத்தில் போடும் பணத்தில் 9.1 சதவீதம், 100+9 ஆட்டத்தில் 8.3. அந்தச் சின்ன மிச்சம் எதிராளிகளின் தரத்தை ஈடுகட்டாது.

ஏறும் படி இப்படி இருக்கட்டும். மொத்தம் 1,000 நுழைவு ஆகும்வரை 11-லேயே இருங்கள். இப்போதைய வேகத்தில் இன்னும் நாற்பது வாரம் ஆகும். அப்போது ஆர்ஓஐ 20 சதவீதத்துக்கு மேலும், பேங்க்ரோல் 4,400 பவுண்டுக்கு மேலும் இருந்தால், ஒவ்வொரு 20 நுழைவிலும் ஐந்தை மட்டும் 22 பவுண்ட் ஆட்டத்தில் போடுங்கள். அந்த அளவில் 440 பவுண்ட் போனால், காரணம் கேட்காமல் முழுதாக 11-க்குத் திரும்புங்கள். 55-ஐப் பற்றிப் பேச்சு அதற்குப் பிறகுதான். அவசரப்படுகிறவர்கள் 'ஒரே ஒரு முறை பார்க்கிறேன்' என்று செய்யும் காரியத்துக்குத்தான் இந்த 440 என்ற வேலி.

வேலை விஷயம். 34,000 சம்பளத்தில் வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் போக உங்கள் கைக்கு சுமார் 28,000 பவுண்ட் வருகிறது. 11 பவுண்ட் ஆட்டத்தில் நிலையாக 30 சதவீதம் எடுக்கிறீர்கள் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு நுழைவுக்கு 3.30 பவுண்ட். 28,000 சம்பாதிக்க ஆண்டுக்கு 8,485 நுழைவு, வாரம் 163. இப்போது நீங்கள் ஆடுவது வாரம் 20. எட்டு மடங்கு, அதுவும் ஒரே நேரத்தில் எட்டு பத்து மேசை திறந்து வைத்து. ஆர்ஓஐ அந்த நெரிசலில் 30-இல் நிற்காது.

55 பவுண்டில் 12 சதவீதம் என்று போட்டால் நுழைவுக்கு 6.60. ஆண்டுக்கு 4,242 நுழைவு, அதாவது 2,33,000 பவுண்ட் உள்ளே போட்டு 28,000 லாபம் எடுக்க வேண்டும். அந்த ஆண்டின் திட்ட விலக்கம் சுமார் 21,500 பவுண்ட். விளைவு: எல்லாம் சரியாக ஆடியும் பத்தாண்டில் ஓராண்டு நஷ்டம், நான்காண்டில் ஓராண்டு எதிர்பார்த்ததில் பாதிகூட வராது. வீட்டுக் கடன் தவணை மாதம் முதல் தேதி வந்து நிற்கும். அதோடு, போக்கர் வெற்றியைப் பெரும்பாலான கடன் நிறுவனங்கள் வருமானமாக ஏற்பதில்லை. முதலாளி போடும் ஓய்வூதியப் பங்கு நின்றுபோகும். முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு நேஷனல் இன்ஷூரன்ஸ் வேண்டும்; சம்பளம் இல்லாத ஆண்டுகளை நீங்களே பணம் கட்டி நிரப்ப வேண்டியிருக்கும். உடம்புக்கு முடியாமல் படுத்தால் சம்பளமும் வராது. கிடங்கு வேலை அலுப்பாக இருக்கலாம். அது வேறு வேலை தேடக் காரணம். சீட்டாட்டத்துக்குப் போகக் காரணமில்லை.

வரியைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். பிரிட்டனில் சூதாட்ட வெற்றிக்கு வருமான வரி கிடையாது. 1925-இல் கிரஹாம் எதிர் கிரீன் வழக்கில், குதிரைப் பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்தவரின் வரவும் தொழில் வருமானம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. இன்றும் வரித் துறை அந்த வழியில்தான் போகிறது. மறுபக்கம், நஷ்டத்தை எதிலும் கழிக்கவும் முடியாது. நீங்கள் நாளைக்குப் பயிற்சி வகுப்பு எடுத்துக் கட்டணம் வாங்கினால் அதற்கு வரி உண்டு. தளத்திலிருந்து வங்கிக்கு எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் பதிவு வைத்திருங்கள். பெரிய தொகை வரும்போது வங்கியோ தளமோ பணத்தின் மூலத்தைக் கேட்கும்.

மைத்துனர். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் அடையாளச் சரிபார்ப்பில் திறந்தது. இன்னொருவர் அதில் ஆடினால் எல்லாத் தளங்களிலும் விதிமீறல். கணக்கை முடக்கி, உள்ளே இருக்கும் பணத்தையும் பிடித்துவிடுவார்கள். ஹாரோவிலிருந்து நேற்று ஆடிய கணக்கு இன்று திருச்சியிலிருந்து திறந்தால் இடமும் கருவியும் அவர்களுக்கு உடனே தெரியும், ஆடும் பாணி மாறுவதும் தெரியும். விபிஎன் போட்டு மறைத்தால் குற்றம் இரட்டிப்பு. அவர் பக்கத்துச் சட்டமும் மாறிவிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொன்னதை நம்பிப் பலர் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பாராமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதைத் தடுக்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவரை அது தண்டிக்கவில்லை என்றாலும், உங்கள் கணக்கை அவரிடம் கொடுப்பதற்கு அது அனுமதி ஆகாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நீங்களும் அங்கிருந்து அந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். பெட்டியோடு சேர்த்து ஆட்டத்தையும் மூடிவிட்டுப் போங்கள். மைத்துனருக்கு ஆர்வம் இருந்தால் உங்கள் ஹேண்ட் ஹிஸ்டரியை அனுப்பி, எங்கே சரியாக ஆடவில்லை என்று கேளுங்கள். அதற்கு எந்த விதியும் தடையில்லை, உங்களுக்கும் லாபம்.

மனைவியின் விஷயத்தைக் கடைசியில் வைத்தது அது சின்னது என்பதால் அல்ல. ஜெயித்ததைச் சொல்லிவிட்டுப் போட்டதைச் சொல்லாமல் இருப்பது, இறக்கம் வரும்போது நஷ்டத்தை மறைக்கும் பழக்கமாக வளரும். அந்தக் கணக்குத் தாளை அப்படியே அவரிடம் காட்டுங்கள்: 2,024 போட்டது, 4,180 வந்தது, அதில் 2,170 ஒரே இரவில். பிறகு இருவரும் சேர்ந்து 1,100 பவுண்டைத் தனி வங்கிக் கணக்கில் பேங்க்ரோலாக ஒதுக்கி, மிச்சத்தைக் குடும்பக் கணக்குக்கு எடுத்துவிடலாம். 200 பை-இன் என்ற அளவுக்கு இது பாதிதான் என்று நீங்கள் கேட்கலாம். பொழுதுபோக்காக, வேலையை வைத்துக்கொண்டு ஆடுகிறவருக்கு 100 போதும். தீர்ந்தால் மூன்று மாதம் ஓய்வு. 22-க்கு ஏற 4,400 வேண்டும் என்றேனே, அது இந்த 1,100-இலிருந்து ஆட்டத்தாலேயே வளரட்டும். அது நாற்பது வாரத்துக்குள் வளராவிட்டால், ஏறாமல் இருப்பதே சரி.

தளத்தில் மாத டெபாசிட் வரம்பை இப்போதே, கையில் லாபம் இருக்கும் போதே, வைத்துவிடுங்கள். இறக்கத்தில் யாரும் அதை வைக்கமாட்டார்கள். கிரெடிட் கார்டால் சூதாட 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் தடை இருக்கிறது. கடன் வாங்கி டெபிட் கார்டில் போட்டு அந்தத் தடையைச் சுற்றி வரும் எண்ணம் வந்தால் அதுவே நிறுத்த வேண்டிய இடம். எடுத்த பணத்தை அதே வாரத்தில் திரும்பப் போடுவது, ஷிஃப்டுக்கு முன் இரவு மூன்று மணிவரை உட்கார்வது, மனைவியிடம் தொகையைக் குறைத்துச் சொல்வது: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் கேம்ஸ்டாப்பில் பெயர் பதிவு செய்யுங்கள். பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் தளங்களையும் ஆறு மாதத்துக்கோ, ஓராண்டுக்கோ, ஐந்தாண்டுக்கோ அது ஒரே பதிவில் மூடிவிடும். எடுத்த காலம் முடியும்வரை திரும்பப் பெற முடியாது. பேச ஆள் வேண்டுமானால் தேசியச் சூதாட்ட உதவி எண் 0808 8020 133, இருபத்து நான்கு மணி நேரமும், கட்டணமில்லாமல்.